சாணி இல்லாமல் மண்புழு உரம்: தொடர்மாடி பல்கனியில் கீரை வளர்ப்பது எப்படி?

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருந்துகொண்டு மாட்டுச் சாணத்துக்கு எங்கே போவது? தேவையே இல்லை, மரக்கறித் தோலும் காய்ந்த இலையும் போதும். வயல்களை ஒரேயடியாகச் சேதனப் பசளைக்கு மாற்றினால் என்ன பாடு என்று 2021 இல் நாடே பார்த்தது. நாலு தொட்டிக் கீரைக்கு அந்தப் பாடு கிடையாது.

மூடியுள்ள 20 லீற்றர் வாளி ஒன்றை எடுத்து, தண்ணீர் வடிய அடியிலும் காற்றுப் போக விளிம்பிலும் சிறு துளைகள் போடுங்கள். இரண்டு செங்கல் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு. தட்டில் வடிவதை அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். நுளம்பு பெருக அவ்வளவு தண்ணீர் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றால் மண்புழுக் கதை எடுபடாது.

வாளிக்குள் நாலு விரல் உயரத்துக்கு நனைத்த தும்புத்தூளும் கிழித்த பத்திரிகைத் தாளும். தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் அலசுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் விழலாம்.

தோட்டத்தில் கிண்டி எடுக்கும் புழு சரிவராது. பெரும்பாலும் அது மண்ணுக்குள் ஆழமாகப் போகும் இனம். குப்பையின் மேற்பரப்பில் வாழும் சிவப்புப் புழு வேண்டும். உரம் செய்பவர்களிடம் கால் கிலோ வாங்கித் தொடங்கலாம்.

இனித் தீனி. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். புழுவுக்குப் பல் கிடையாது. பச்சைக் கரட் துண்டைப் போட்டால் அழுகும்வரை அப்படியே கிடக்கும். வாழைப்பழத் தோல், பூசணித் தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, அதேயளவு காய்ந்த இலையுடன் கலந்து, வேறொரு வாளியில் 10 நாள் போல விட்டுவிடுங்கள். முதலில் சூடேறும். கையை விட்டுப் பார்த்து, சூடு தணிந்த பிறகு ஒரு பக்கமாகப் புதையுங்கள். தேசிக்காய், வெங்காயம், மிளகாய், மிஞ்சிய கறி வேண்டாம். பால் பிழிந்த தேங்காய்ப்பூ நம் வீடுகளில் தினமும் மிஞ்சும். எண்ணெய்ப் பிடிப்பும் எறும்பும் சேர்ந்தே வரும், கொஞ்சமாகப் போடுங்கள். புளித்த மணம் வந்தால் தீனி கூடிவிட்டது. ஒரு வாரம் நிறுத்தி, காய்ந்த தாளைக் கலந்துவிட்டால் சரி.

இரண்டு மூன்று மாதத்தில் தேயிலைத் தூள் போலக் கறுப்பாக உதிரும். புதுத் தீனியை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் புழு அங்கே நகர்ந்துவிடும், மறுபக்கத்தை அள்ளலாம்.

தொட்டிக் கலவைக்கு ஒரு பங்கு உரம், இரண்டு பங்கு மண், ஒரு பங்கு தும்புத்தூள். தனி உரத்தில் நடாதீர்கள், ஈரம் கட்டி வேர் அழுகும்.

விதைக்கு அலைய வேண்டாம். சந்தையில் வாங்கிய கங்குன், பொன்னாங்காணி, பசளிக் கட்டில் இலை ஆய்ந்தபின் மிஞ்சும் முற்றிய தண்டை, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். வல்லாரைக்கு வேர் விட்ட கொடி வேண்டும்; பின்னேர வெயில் படாத மூலையில் வையுங்கள். கங்குன் ஒரு மாதத்துக்குள் வெட்டுக்கு வரும். அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அப்புறம் ஒவ்வொரு வெட்டுக்கும் தொட்டிக்கு ஒரு கைப்பிடி உரம்.