பாய் கட்டிய சாய்வு ட்ரைக்: சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளில் படகில் இருப்பதுபோல் காற்றைப் பிடிக்கும் ஒரு சின்னப் பாயைக் கட்டிவிட்டால், பக்கக் காற்று அடிக்கும் நாளில் கால்களுக்கு நல்ல ஓய்வு. ஆனால் படகோட்டிக்கு இருக்கும் ஒரு வசதி சாலையில் கிடையாது. காற்று மிஞ்சினால் அவர் படகைத் திருப்பிக்கொள்ளலாம். நீங்கள் சாலை போகிற பக்கம்தான் போயாக வேண்டும். அதனால் பாய் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்பதற்கு முன், அந்த இழுவையை எவ்வளவு சீக்கிரம் இல்லாமல் செய்ய முடியும் என்று பாருங்கள். இந்த வரிசையை மாற்றிப் போடுவதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதலாவது, பெரிய பாய் மேல் வரும் ஆசை. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கெயர்ட்னர் ஏரியில் கிளென் ஆஷ்பி ஓட்டிய ஹொரோனுகு என்ற பாய்வண்டி மணிக்கு 222 கி.மீ. வேகத்தைத் தொட்டது. அது நீர் வற்றிய உப்பு ஏரி. எதிரே பஸ் வராது, ஓரத்தில் சாக்கடையும் இருக்காது. சாலையில் பாய் என்பது மிதிப்பதற்கு ஒரு கை உதவி, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளல் நான்கு மடங்காகும். ஒன்றரை சதுர மீட்டர் பாயில் மணிக்கு 36 கி.மீ. காற்று நேராக மோதினால் ஏறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் வரும். அதே காற்று ஒரு வீச்சில் 54 கி.மீ. ஆனால் தள்ளல் 20 கிலோவைத் தொடும். அந்தத் தள்ளல் விழுவது தரையோடு அல்ல, பாயின் நடுவில், கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத்தில். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ இருந்தாலும் ஒரு பக்கச் சக்கரம் எழும்ப அது போதும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் உள்ள வண்டியில், முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோட்டின் மேல்தான் வண்டி கவிழும். அந்தக் கோடு உங்கள் இடுப்புக்கு நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. காற்று தள்ளும் பக்கமே வளைவின் வெளிப்பக்கமாகவும் அமைந்துவிட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

வானிலை அறிக்கையில் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதும் இதோடு சேர்ந்த தவறுதான். அதில் வருவது பொதுவாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்த சராசரி. கவிழ்ப்பது சராசரி அல்ல, இடையிடையே வரும் வீச்சு. அதைத் தனியாகப் போட்டிருப்பார்கள், அந்த எண்ணைப் பாருங்கள். தூசியும் காகிதமும் பறந்து, சிறு கிளைகள் மட்டும் ஆடினால் அது காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 4, அதாவது மணிக்கு 20 முதல் 28 கி.மீ. பழகியவர்களுக்கு அது சுகமான காற்று. சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் 5. அன்று பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மிதியுங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் புத்தி நெல்லுக்குச் சரி, போக்குவரத்துக்கு ஆகாது.

அப்புறம் கயிறு. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கை வலிக்கிறது என்று சட்டத்தில் முடிச்சுப் போட்டுவிடுபவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தோன்றவில்லை. விரலைத் தளர்த்தினால் கயிறு ஓட வேண்டும், கயிறு ஓடினால் பாய் கொடிபோலப் படபடத்து வலுவிழக்க வேண்டும். பற்களுள்ள கயிற்றுப்பிடி வைப்பதானால் ஒரே சுண்டலில் விடுபடுகிறதா என்று வண்டி நிற்கும்போதே சோதியுங்கள். கையில் சுற்றிக்கொள்வதும் வேண்டாம்.

பின்காற்றுதான் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். மணிக்கு 25 கி.மீ. பின்காற்றில் நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போனால் பாய் உணர்வது வெறும் 5 கி.மீ. காற்று. ‘காற்றே இல்லையே’ என்று தோன்றும். இப்போது சிக்னலுக்காக பிரேக் பிடியுங்கள். வேகம் குறையக் குறையப் பாய் உணரும் காற்று ஏறும். நிற்கும் நேரத்தில் அது முழு 25 கி.மீ., தள்ளல் 25 மடங்கு. நிறுத்த நினைக்கும்போதுதான் பாய் அதிகமாகத் தள்ளுகிறது. நல்ல பிரேக் இதைத் தாங்கும். ஈரச் சாலையிலும் இறக்கத்திலும் நிற்கும் தூரம் கூடிவிடும். இன்னொரு சிக்கல்: பின்காற்றில் கயிற்றை விட்டால் பாய் முன்பக்கமாகச் சுழன்று போக இடம் வேண்டும். பாய்மரத்தைக் கம்பி கட்டி நிறுத்தியிருந்தால் பாய் அதில் முட்டி நின்று, காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். கட்டில்லாமல் தானே நிற்கும், முழு வட்டம் சுழலும் பாய்மரம்தான் சாலைக்கு ஏற்றது.

காற்று போக்குவரத்துப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அந்தப் பக்கமே ஒடித்துப் பிடித்திருப்பீர்கள். ஒரு லாரி முந்துகிறது. அது காற்றை மறைத்ததும் எதிர்த்துப் பிடித்திருந்த வண்டி லாரியை நோக்கியே நகரும். லாரி கடந்ததும் காற்று ஒரே அடியாகத் திரும்பி வரும். கட்டடங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, பாலத்தின் தொடக்கம், மதில் முடியும் இடம் எல்லாம் இதே ரகம். பின்னால் பார்க்கும் கண்ணாடியை இரண்டு பக்கமும் மாட்டுங்கள். லாரி அருகில் வந்த பிறகு அல்ல, கண்ணாடியில் தெரிந்ததுமே கயிற்றைத் தளர்த்துங்கள்.

பாய் இழுக்கும்போது கால் சும்மாயிருக்கும், பெடலை விட்டு நழுவும். தாழ்ந்த வண்டியில் தரையைத் தொட்ட பாதம் அப்படியே சட்டத்துக்கு அடியில் இழுபட்டுக் கணுக்கால் முறியலாம். பெடலோடு பூட்டும் காலணியோ குதிகால் பட்டையோ கட்டாயம். மெதுவாகவாவது மிதித்துக்கொண்டே இருங்கள். காற்று திடீரென்று நின்றால் உச்ச கியரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அது உதவும்.

பாய் உங்கள் கண்ணையும் மறைக்கும், உங்கள் கை சைகையையும் மறைக்கும். பாயில் ஒளிபுகும் ஜன்னல் வைத்துத் தைக்கலாம், திரும்பும் விளக்கு பொருத்தலாம். பாயின் அடிக்கம்பு சக்கரத்தைத் தாண்டி வெளியே நீளும் வண்டியைக் குறுகலான சாலையில் பாய் விரித்து ஓட்டாதீர்கள். அகலம், விளக்கு பற்றிய உள்ளூர் விதிகளையும் காப்பீட்டையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மேலேயும் ஒரு கண் வேண்டும். அலுமினியமும் கார்பன் இழையும் மின்சாரம் கடத்துபவை. தாழ்ந்த மின்கம்பி உள்ள தெருவிலும், மின்சார ரயில் கடக்கும் இடத்திலும் பாய்மரத்தை இறக்கிவிட்டே போங்கள்.

நிறுத்தும்போது பாயைச் சுருட்டிய பிறகே இருக்கையை விட்டு எழுந்திருங்கள், பார்க்கிங் பிரேக்கைப் பூட்டியபடி. பாய் விரித்த ட்ரைக் ஆளில்லாமலும் கிளம்பிவிடும்.