மதிப்பெண் பட்டியலுக்கு முன்பே வீட்டுக்குச் சொல்ல வேண்டியவை

பருவம் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடமிருந்து ஒரு பக்கத் தாள் மாணவரின் வீட்டுக்குப் போகட்டும். தேர்வுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் செய்முறைக்கும் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, தாமதமாகத் தந்தால் எவ்வளவு குறையும், தவறவிட்ட தேர்வை எப்போது எழுதலாம், யாரை எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பவை போதும். பள்ளியின் குறிக்கோள் உரையை அதில் சேர்க்காதீர்கள், யாரும் படிப்பதில்லை.

அதன்பின் 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி. ‘கணக்கில் கவனம் தேவை’ என்றால் பெற்றோர் திட்டத்தான் முடியும். ‘இருபடிச் சமன்பாட்டில் பயிற்சி 3, 4 வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் முழு மதிப்பெண்’ என்றால் அன்று மாலையே வேலை நடக்கும்.

ஆறு பாட ஆசிரியர்களும் தனித்தனியே அனுப்பினால் மூன்றாவது செய்திக்குமேல் திறக்கவே மாட்டார்கள். வகுப்பாசிரியர் தொகுத்து ஒன்றாக அனுப்புவதே நல்லது. தேர்ச்சி ஆபத்தில் இருந்தால் மட்டும் தொலைபேசி. பேசிய தேதியையும் முடிவையும் குறித்துவையுங்கள்.

வீட்டில் சொல்லப்போவதை மாணவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பதின்ம வயதில் முதுகுக்குப் பின்னால் புகார் போனதாகத் தோன்றினால் பேச்சே நின்றுவிடும். பெற்றோருக்குப் பள்ளியின் மொழி தெரியாவிட்டால் மாணவரையே மொழிபெயர்க்க விடாதீர்கள். கசப்பான பகுதி காணாமல் போகும்.

வாட்ஸ்அப் குழுவில் பொது அறிவிப்பு மட்டும். தனி மாணவரின் மதிப்பெண் அங்கே வரவே கூடாது.

பெற்றோரின் தொலைபேசி எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பருவமும் சரிபாருங்கள்.