ரேடார் மாஸ்டில் ஏறும்போது செய்யக் கூடாத தவறுகள்

எனக்குக் காவேரிப்பட்டணம். பெயரில்தான் பட்டணம், கடலைப் பார்க்க சென்னைக்கோ பாண்டிக்கோ பஸ் ஏற வேண்டும். தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் கை வைக்கும் முன் அப்பா பீஸ் கேரியரைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வார். கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசராகச் சேர்ந்த புதிதில் நான் அதைக்கூடச் செய்யவில்லை. ரேடாரை ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டு, அதன் ஆன்டெனா இருக்கும் உயரக் கம்பமான மாஸ்டில் ஏறிவிட்டேன்.

ஸ்டாண்ட்பை என்றால் அணைந்தது என்று அர்த்தமில்லை. அலை வெளியே போகாது, அவ்வளவுதான். உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரானின் ஹீட்டர் சூடாகவே இருக்கும். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் யாரோ பட்டனைத் தட்ட, ஸ்கேனர் எனப்படும் எட்டடி ஆன்டெனா என் காதோரம் சுற்றத் தொடங்கியது. நிமிடத்துக்கு 24 சுற்று கீழிருந்து பார்த்தால் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் பின்னால் இருப்பது மோட்டாரும் கியரும், ஆள் குறுக்கே இருக்கிறான் என்று நிற்காது. குனிந்ததால் தப்பித்தேன். இப்போதெல்லாம் பிரேக்கரை இறக்கிப் பூட்டி, அட்டை மாட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன். ஸ்கேனர் அடியில் உள்ள சேஃப்டி ஸ்விட்சையும் அணைத்துவிடுவேன். கேப்டனே கேட்டாலும் இறங்கி வரும்வரை சாவி கிடையாது.

அடுத்த தவறு, பக்கத்து ரேடாரை மறப்பது. 3,000 கிராஸ் டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ரேடார் இரண்டு இருக்கும். ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதன் எதிரே முகத்தைக் காட்டி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் லென்ஸில் ரத்த ஓட்டம் கிடையாது, ரேடார் அலையால் ஏறிய சூடு லேசில் இறங்காது. சுற்றும் ஸ்கேனரைவிட, நின்றபடி அலை விடும் ஸ்கேனர் மோசம். அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாயான வேவ்கைடைக் கழற்றினால், அதன் வாயில் எட்டிப் பார்க்கவே கூடாது. மாஸ்ட் அருகே ஹாரன் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். காதோரம் அலறினால் பிடி நழுவும்.

கரண்டை நிறுத்திய கையோடு மூடியைத் திறப்பதும் ஆபத்துதான். மேக்னட்ரானுக்குக் கரண்ட் துடிப்பு கொடுக்கும் மாடுலேட்டரின் கெப்பாசிட்டரில் ஹைவோல்டேஜ் தங்கியிருக்கும். மேனுவல் சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, எர்த்தோடு இணைத்த கம்பியான எர்த் ராடால் தொட்டு அதை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை.

மேக்னட்ரானின் காந்தம் இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் கையிலிருந்து பிடுங்கும். அது மோதினால் மேக்னட்ரான் காலி. காந்தம் பிடிக்காத டூல்ஸ் எடுங்கள், வாட்சைக் கழற்றி வையுங்கள். அப்பா கொடுத்த எச்எம்டியை நான் கழற்றவில்லை. அன்றிலிருந்து அது நாளுக்குப் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது.