புதுச் சைக்கிள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கம்பனி, ஒரே மாடல், ஒரே விலை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு புதுச் சைக்கிளில் ஒன்று வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் ஓடும். மற்றது சில மாதத்திலேயே சில்லு நெளிந்து, செயின் கழன்று, கடைக்கும் வீட்டுக்குமாக அலைய வைக்கும். வாங்கியவர் தன் ராசியை நோகிறார். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த ஒரு வண்டியின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியவரின் கையில்தான் விஷயம் இருக்கிறது.

கம்பனிப் பெயரைத் தெரிவு செய்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் மூத்தது. யாழ்ப்பாணத்தில் இந்த நம்பிக்கை வேரோடியதற்குக் காரணம் உண்டு. ராலி, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று அப்பப்பா வாங்கிய வண்டியைப் பேரன் ஓடிய வீடுகள் இங்கே ஏராளம். பி.எஸ்.ஏ. என்பது 1861இல் பேர்மிங்காமில் துப்பாக்கித் தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய கம்பனி. அதன் முத்திரையில் மூன்று றைபிள்கள் ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கும். ஒரு றைபிளின் பாகம் இன்னொன்றில் ராவாமல், தட்டாமல் பொருந்த வேண்டும் என்று இயந்திரத்தில் அளவாகக் கடைந்து பழகிய தொழிற்சாலை அது. 1880களில் சைக்கிள் பக்கம் வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது.

இன்று நிலைமை வேறு. பி.எஸ்.ஏ. பெயரில் இந்தியாவில் சைக்கிள் செய்வது ரி.ஐ. சைக்கிள்ஸ் என்ற வேறு கம்பனி. பெரும்பாலான கம்பனிகளில் வண்டியின் சட்டம், அதாவது பிறேம், ஓரிடத்தில் ஒட்டப்படும், றிம்மும் பெடலும் வேறு வேறு இடங்களிலிருந்து வரும். பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வருகிற வண்டியின் மீதி வேலை கடையில்தான் நடக்கிறது. பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம் கடைக்காரத் தம்பி ஒரு நாளில் எத்தனை வண்டி பூட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே மாடலைத் தெரிவு செய்த பிறகு வண்டியைத் தெரிவு செய்ய வேண்டும். இருக்கிற இரண்டு மூன்றையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்கிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். கஸ்தூரியார் வீதியிலிருந்து ஸ்ரான்லி வீதி வரை நடந்து பார்க்கிற தூரம்தான்.

மினுக்கத்தைப் பார்த்துவிட்டுச் சில்லைப் பாராமல் விடுவது அடுத்த தவறு. எனக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் உண்டு என்றால் சில்லைத்தான் பார்ப்பேன். முன் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது ஒரே அளவாக நிற்க வேண்டும். கூடிக் குறைந்தால் நெளிவு. ஆனால் நேராகச் சுற்றுவது மட்டும் போதாது. கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து நெரித்துப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். சில கம்பி விறைத்தும் சில தொளதொளத்தும் இருந்தால், அந்தச் சில்லு இன்று நேராகத் தெரிந்தாலும் பாரம் ஏறியதும் நெளியும். பின் சில்லில் செயின் பக்கத்துக் கம்பி மற்றப் பக்கத்தைவிடக் கூட இறுக்கமாக இருப்பது இயல்பு, அதைக் குறையாக எடுக்க வேண்டாம். பிறகு சில்லின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கடகடத்தால், அச்சில் குண்டுகளை அணைத்து நிற்கும் கூம்பு நட்டான கோன் தளர்வு. அச்சைக் கையால் உருட்டும்போது மணல் அரைபடுவது போல இருந்தால் கோன் இறுக்கம், அல்லது உள்ளே கிறீஸ் இல்லை. புது வண்டிகளில் கிறீஸ் குறைவாக இருப்பது மிகச் சாதாரணம்.

சட்டத்துக்கு ஒரு நூல் போதும். பின் சில்லு மாட்டும் காதிலிருந்து நூலை எடுத்து, ஹாண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கக் காதுக்குக் கொண்டுபோய் இறுக்குங்கள். நூலுக்கும் சீற் குழாய்க்கும் உள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சில்லின் நெளிவு எடுக்கலாம். சட்டத்தின் கோணலோடு காலம் முழுக்க மல்லுக்கட்ட வேண்டும்.

பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிச் செயினைக் கவனியுங்கள். ஓரிடத்தில் விறைத்து, ஓரிடத்தில் தொங்கினால் செயின் வீல் வட்டம் சரியில்லை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அவசரத்தில் பூட்டுகிறவர் அதை மாறி முறுக்கினால், பெடல் பூட்டும் தண்டான கிராங்கின் மரை அழியும். சில நாளில் பெடல் கழன்று விழும். முன் சில்லைத் தாங்கும் கவையான போக்கைத் திருப்பிப் பூட்டிய சின்னப் பிள்ளைகளின் சைக்கிள்களையும் வீதியில் காண்கிறோம். போக்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். இது பிள்ளை விழுந்து பல்லை உடைக்கிற விஷயம், தயவுசெய்து பாருங்கள்.

வேலணை, காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்று மெல்லிய பூச்சை ஒரு மாரி தாண்ட விடாது. கம்பியை றிம்மில் இறுக்கும் நிப்பிள், கம்பி நுனி, மட்கார்டின் உள்பக்கம், ஒட்டு வைத்த மூலைகள் ஆகியவற்றில் பூச்சு ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல வண்டியைத் தேடி வாங்கியவர்களும் செய்கிற தவறு, உடையும்வரை கடைப்பக்கம் திரும்பிப் பாராதது. புதுக் கம்பிகள் முதல் சில வாரத்தில் தம் இடத்தில் அமர்ந்து தளரும். கிராங்கைப் பெடல் அச்சோடு பிடித்து வைக்கும் கொட்டர் பின்னும் அப்படித்தான்: ஓட ஓட அமர்ந்து, நட்டு இளகும். அந்த ஆட்டத்தோடு தொடர்ந்து ஓடினால் பின்னும் தேயும், கிராங்கும் தேயும். மாதம் முடிய முன்பே ஒருமுறை கொண்டுபோய்க் கம்பியும் நட்டுகளும் இறுக்குவியுங்கள். தொண்ணூறுகளில் பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. அன்று வீட்டுக்கு வீடு இருந்த ஸ்பனர் இன்று பல வீடுகளில் இல்லாமல் போனது எனக்குக் கவலைதான்.

பற்றுச்சீட்டு இல்லாமல் வராதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி தரத்தான் வேண்டும். அதிகாரசபையிடம் முறையிடுவதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். பெடல் அச்சுக்குக் கீழோ சீற் குழாயிலோ அடித்திருக்கும் சட்ட இலக்கத்தை அதே பற்றுச்சீட்டில் எழுதுவித்து, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி களவு போனாலும் பொலிஸ் நிலையத்தில் கொடுக்க அந்த இலக்கம்தான் உதவும்.