தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்? கண்டுபிடிக்க ஒரு வழி

"தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர்." இரண்டாம் உலகப்போர் பற்றி எங்கள் வீட்டில் இவ்வளவுதான் கதை. எந்தப் படை என்று கேட்டால் பெரியப்பா, "மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான், வேறென்ன" என்பார். அது தவறு என்று தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

முதலில் எண்ணைத் தேடுங்கள்

பெயரை வைத்துத் தேடுவது வீண் வேலை. இங்கிலீஷில் எழுதிய குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர் பதிவாகியிருக்கும். ஒரே முருகேசனை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். இனிஷியலும் இருக்காது. ஆளை அடையாளம் காட்டுவது ராணுவ எண்தான். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பழைய பென்ஷன் புத்தகம், பாட்டிக்கு வந்த உதவித்தொகை காகிதம் ஏதாவது கிடக்கும். எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் அவற்றையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பதவியைப் படியுங்கள்

பெயருக்கு முன்னால் இருக்கும் சுருக்கமே பாதி விடை சொல்லிவிடும். 'செப்' என்றால் சிப்பாய். என் தாத்தாவின் காகிதத்தில் 'எஸ்.பி.ஆர்.' என்று இருந்தது. யாரோ அதிகாரியின் இனிஷியல் என்று நினைத்துக் கடந்துபோய்விட்டேன். அது சாப்பர்! பாலம் கட்டும், கண்ணிவெடி எடுக்கும் பொறியாளர் படை வீரர். பெரியப்பா கதை அங்கேயே விழுந்தது.

இன்னொன்று: 1920-களில் கலைக்கப்பட்ட மெட்ராஸ் காலாட்படை, அதாவது மெட்ராஸ் ரெஜிமெண்ட், இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதுதான் மறுபடி எழுந்தது. 1940-லேயே சேர்ந்த நம்மூர்க்காரர் சாப்பராகவோ, ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற சரக்குப் போக்குவரத்துப் படையில் லாரி ஓட்டியவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

மெடலைப் பாருங்கள்

இரண்டாம் உலகப்போரின் ஆறு முனை நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் நடுவில் பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று போர்முனை பொறித்திருக்கும். ஆனால் பர்மா ஸ்டார் இருப்பதாலேயே பர்மா மண்ணை மிதித்தார் என்று சொல்ல முடியாது. அசாமிலும் வங்காளத்திலும் பணியாற்றியவர்களுக்கும் அது கிடைத்தது. முதல் உலகப்போர் மெடல் என்றால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், பெயர், படை எல்லாம் அங்கே பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!

ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள்

சிப்பாய்களின் பதிவுகள் ஒரே இடத்தில் இல்லை; ஒவ்வொரு படைக்கும் தனி ரெக்கார்ட்ஸ் அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. எண், பதவி, தாத்தாவின் அப்பா பெயர், ஊர், அன்றைய மாவட்டம் எல்லாம் எழுதுங்கள். இன்றைய திருவண்ணாமலை அன்று வடஆற்காடு. உறவைக் காட்டும் சான்றின் நகலையும் வையுங்கள். வெறும் பெயரோடு நான் அனுப்பிய முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. எங்கே எழுதுவது என்றே புரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

போரில் இறந்தவர் என்றால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப்போர் என்றால் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படைவீரர்கள் அதில் உண்டு. கல்லறை இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். ரங்கூன் நினைவகத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள்.

கடைசியாக, போர் நாட்குறிப்பு

ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் எழுதிய குறிப்பு இது. பர்மா முனைக்கு உரியவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 172' என்ற வரிசையில் இருக்கின்றன. தாத்தா இருந்த கம்பெனியின் (படையின் சிறு பிரிவு) எண்ணும் வருடமும் தெரியாமல் அங்கே போகாதீர்கள், கடலில் ஊசி தேடுவது போலாகிவிடும். சிப்பாய் பெயர் அதில் வருவது அபூர்வம். ஆனால் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார்கள் என்பது கிடைத்துவிடும்.

பெரியப்பாவிடம் சாப்பர் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "சரி சரி, மெட்ராஸ் ரெஜிமெண்ட் சாப்பர்" என்றார்.