விண்டோஸ் 8 பிரிவ்யூவ பத்திரமா போட்டுப் பாக்குறது எப்படி

2012 பிப்ரவரி 29ல வந்த விண்டோஸ் 8 கன்ஸ்யூமர் பிரிவ்யூவ (முழுசா வெளிவர்றதுக்கு முன்னாடி எல்லாரும் போட்டுப் பாக்க விட்ட சோதனைப் பதிப்பு) அப்ப ஒரு வாரம் நோண்டிட்டு எழுதினது இது. மொதல்ல ஒண்ணு, தினமும் வேலை பாக்குற மெஷின்ல நேரா ஏத்தாதீங்க, பிடிக்கலன்னா அன்இன்ஸ்டால் பண்ணி விண்டோஸ் 7க்கு திரும்ப முடியாது, பழைய டிஸ்க்க தேடி எடுத்து மறுபடி மொதல்லேர்ந்து போடணும்.

அதனால விர்ச்சுவல்பாக்ஸ்ல (இருக்குற கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற சாஃப்ட்வேர்) போடுங்க. 64 பிட்டுக்கு 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் ஒதுக்குங்க, பயாஸ்ல (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ்) விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கான்னு பாத்துக்கோங்க. ஸ்க்ரீன் 1024x768க்கு கம்மியா இருந்தா மெட்ரோ ஆப் (விண்டோஸ் 8ல புதுசா வந்த ஃபுல் ஸ்க்ரீன் ஆப்) எதுவும் தொறக்காது, பழைய நெட்புக்காரங்க கவனம்.

உள்ள போனதும் ஸ்டார்ட் பட்டன தேடுவீங்க, அது இல்ல! மவுஸ கீழ இடது மூலைக்கு கொண்டுபோனா சின்னதா ஒரு படம் எட்டிப் பாக்கும், அத க்ளிக் பண்ணணும். விர்ச்சுவல்பாக்ஸ சின்ன விண்டோவா ஓட்டினா மூலைய தொடுறதுக்குள்ள மவுஸ் வெளிய ஓடிடுது, எனக்கு கடுப்பே ஆயிடுச்சு, வலது கன்ட்ரோலோட எஃப் அமுக்கி ஃபுல் ஸ்க்ரீன் ஆக்கினப்புறம்தான் நிம்மதி.

ஷட்டவுன் எங்கன்னு கேக்குறீங்களா? விண்டோஸ் கீயோட ஐ அமுக்குங்க, வலது பக்கம் வர்ற பட்டையில பவர் இருக்கும். விண்டோஸ் கீயோட எக்ஸ் அமுக்கினா கன்ட்ரோல் பேனல், டிவைஸ் மேனேஜர் எல்லாம் ஒரே லிஸ்ட்ல வந்துடுது, இந்த ஒண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. ஆப்ப மூட மேல விளிம்ப புடிச்சு கீழ வரைக்கும் இழுங்க. பூட் வேகம் நல்லாருக்கு, ஆனா டச் இல்லாம மவுஸ வெச்சுக்கிட்டு இதுல ஓட்டுறது கொஞ்சம் கஷ்டம்தான்.