குழாய் நின்று திரும்பி வந்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்

2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பக்கத்து ஊரான டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பாழானபோது, அந்த ஊர் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் காத்துக்கிடந்தது. டர்பனைச் சுற்றி மற்ற இடங்களிலும் குழாய் நிற்பது இப்போது புதுசு இல்லை. நிலையத்திலிருந்து சுத்தமாகக் கிளம்பும் தண்ணீரும் வழியில் கெடலாம். அழுத்தம் குறைந்த குழாய், விரிசல் வழியாக வெளி அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

1. தண்ணீர் வந்ததும் முதலில் தோட்டத்துக் குழாயைத் திறந்து, பழுப்பு நிறம் போகும்வரை வாளிகளில் பிடியுங்கள். அது கழிப்பறைக்கு ஆகும். அதுவரை வாஷிங் மெஷினைப் போட வேண்டாம்.

2. கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு, சுத்தமான பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். மண் கலந்த தண்ணீரில் ப்ளீச் சரியாக வேலை செய்யாது.

3. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். அப்புறம் மூடியபடியே ஆறவிடுங்கள்.

4. கரண்டும் இல்லை, கேஸும் தீர்ந்துவிட்டதா? சரி, ப்ளீச்சை எடுங்கள். வாசனையோ சோப்போ சேர்க்காத சாதா வீட்டு ப்ளீச் திரவம்தான் வேண்டும். 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. மருந்து பாட்டிலோடு வரும் அளவு ஸ்பூனால் அளப்பது நல்லது. வீட்டு ஸ்பூன்கள் ஆளுக்கொரு அளவு. நன்றாகக் கலக்கி, மூடி, குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். ராத்திரி கலந்து காலையில் எடுப்பது இன்னும் வசதி. லேசான குளோரின் வாடை இருந்தால் பயப்பட வேண்டாம். ப்ளீச்சோடு வினிகரையோ வேறு கிளீனரையோ மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

டீசல் அல்லது பூச்சிமருந்து வாடை வந்தால் கொதிக்க வைத்தாலும் பயனில்லை, ப்ளீச் போட்டாலும் பயனில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம். ஜோஜோ எனப்படும் பிளாஸ்டிக் டேங்கில் பிடித்த மழைத்தண்ணீரில் கூரைமேல் இருந்த பறவை எச்சமும் சேர்ந்திருக்கும். குடிக்க எடுப்பதானால் அதற்கும் மேலே சொன்னதைச் செய்தாக வேண்டும். பித்தளைச் செம்பில் துளசி போட்டு வைப்பது பூஜைக்குச் சரி, கிருமிக்குப் போதாது.

5. பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். பாடுபட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை அகலவாய் வாளியில் ஊற்றிவிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் டம்ளரை முக்குவார்கள். விரல் பட்டால் செய்ததெல்லாம் வீண். குறுகிய வாயும் மூடியும் உள்ள கேன், அடியில் குழாய் வைத்ததாக இருந்தால் ரொம்ப நல்லது. வாளிதான் இருக்கிறது என்றால் நீளக் கைப்பிடி உள்ள கரண்டி ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள். கேனை நிரப்பும் முன்பு ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பெட்ரோலோ ரசாயனமோ இருந்த கேன் எவ்வளவு கழுவினாலும் ஆகாது.

இதற்கு மேலும் யாருக்காவது நீராக வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், எல்லாம் தலைதட்டி அளந்து, கரைத்து அடிக்கடி கொடுத்தபடியே கிளினிக்குக்குக் கிளம்புங்கள். கைக்குழந்தையாக இருந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.